வாசிப்பில் நேர்ந்த பிசகு

சனிக்கிழமை மதியச் செய்தி முடிந்து விளம்பரங்கள் ஓய்ந்த பிறகு, வட்டார வானொலியில் ஒரு பெண் குரல் வரும். “வரும் வார வானிலை” என்று அது ஆரம்பித்ததுமே பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் தண்ணீர்க் குழாயை மூடுவார்கள். சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டுவார்கள். மலைச்சரிவிலும் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்திலும் பேரிக்காய்த் தோட்டம்தான் அங்கே பிழைப்பு. மருந்தடிப்பது, களை வெட்டுவது, தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பது எல்லாம் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான்.

குரலுக்குச் சொந்தக்காரி பார்க்க ஒன்றும் விசேஷமில்லாதவள். குள்ளமாக, எப்போதும் லேசாகச் சளி பிடித்தவள் போல மூக்கைத் துடைத்துக்கொண்டு, தோளில் கனமான கைப்பையோடு நடந்து போவாள். அவள் வாயைத் திறக்கும்வரை யாருக்கும் அடையாளம் தெரியாது. திறந்துவிட்டால் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்பார்: “மழை உண்டாம்மா?” அவளும் சளைக்காமல், “கைப்பையிலதான் வச்சிருக்கேன், திறந்துவிடட்டுமா?” என்பாள். வானிலை அம்மா என்றே எல்லோரும் சொன்னார்கள். அவள் கணவன் டயர் கடை வைத்திருந்தான். அவனைக்கூட ‘வானிலை அம்மா வீட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வருடக்கணக்கில் வாசித்தும் நிலையத்தில் அவள் நிரந்தர ஆள் இல்லை. வாசித்த நாளுக்குக் கூலி, அவ்வளவுதான். வானிலைக்காரர் என்று எல்லோரும் சொல்லும் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வானிலை அலுவலகத்திலிருந்து போனில் சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள், பிறகு உள்ளே போய் வாசிப்பாள். அதற்கு மேல் அவளுக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை.

அவளுக்கு ஒரே ஒரு அக்கா. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் தலை பின்னிவிட்டதும், ஜுரத்தில் பக்கத்தில் படுத்ததும், பள்ளிக்கூட வாசல்வரை இழுத்துக்கொண்டு போனதும் அக்காதான். அந்த அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆற்றங்கரைத் தோட்டக்காரர் ஒருவருக்கு. நல்ல மண், ஆனால் பள்ளம். “குளிரும் தண்ணி மாதிரிதான். மேட்டுல இருந்து வழிஞ்சு எங்க வீட்டு வாசல்ல வந்து தேங்கும்” என்பார் அத்தான். இளவேனிலில் உறைபனி விழும் என்று தெரிந்தால் மர வரிசைகளுக்கு நடுவே வைக்கோலையும் ஈர மரத்தூளையும் குவித்து மூட்டம் போடுவார்கள். அந்தப் புகையும் சூடும் பூவைக் காப்பாற்றிவிடும். முன்கூட்டித் தெரிய வேண்டும், அதுதான் விஷயம்.

அந்த வருடம் வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டது. பேரி மரங்கள் இலை காட்டுவதற்கு முன்பே வெள்ளை வெளேரென்று பூத்து நின்றன. ஒரு சனிக்கிழமை வானிலைக்காரர் சொன்னதை அவள் எழுதி முடித்துக் காகிதத்தோடு எழுந்தபோது, நிலையப் பொறுப்பாளர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு வைத்திருக்கும் மனிதர். குரலை உயர்த்தியதே கிடையாது. யாரையும் திட்டமாட்டார், திட்டாமலே ஆளைக் காலி செய்துவிடுவார்.

“இன்னிக்குக் கொஞ்சம் சுருக்கணும்மா. மெத்தைக் கடை விளம்பரம் நீளமாயிடுச்சு.”

“எதை சார் சுருக்கறது?”

அவர் காகிதத்தை வாங்கிப் படித்தார். கடைசி வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். புதன், வியாழன் இரவுகளில் வானம் தெளிந்து காற்று அடங்குவதால் தாழ்வான பகுதிகளில் உறைபனி ஏற்படலாம் என்பது அந்த வரி.

“சார், அதுதான் சார் முக்கியம். மரமெல்லாம் பூவா நிக்குது.”

“ஜன்னல் வழியா எட்டிப் பாரு. ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆளைக் காட்டு பாப்போம். வசந்தம் வந்தாச்சு, இன்னும் உறைபனி அது இதுன்னு ஜனங்களைப் பயமுறுத்தணுமா? ‘இரவில் இதமான குளிர் நிலவும்’னு முடிச்சிடு. கேக்க நல்லா இருக்கும்.”

“வானிலைக்காரர் கேட்டா?”

“கேட்டா நான் இருக்கேன்ல.”

விளம்பரத்தில் ஒருவன் மெத்தையில் குதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாசித்தாள். இரவில் இதமான குளிர் நிலவும் என்று முடித்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். இது சத்தியம். ஆனால் வாசலிலேயே கணவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு ஒரு பக்கக் கன்னம் பந்து போல வீங்கி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பொன்னுக்குவீங்கி. டாக்டர் வீடு, மருந்துக் கடை, ஈரத்துணி, கஞ்சி, வாந்தி என்று நாட்கள் ஓடின. புதன்கிழமை மாலை கொடியில் துணி எடுக்கும்போது வானம் கழுவிவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு இலை அசையவில்லை. ஏதோ மறந்துவிட்டோமே என்று மனதில் முள்ளாகக் குத்தியது. அதற்குள் மகள் உள்ளே இருந்து அழுதாள். துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள். முள் போய்விட்டது.

மறுநாள் காலை அத்தான் தோட்டத்தில் இறங்கியபோது பூவெல்லாம் அப்படியே இருந்தது. அதுதான் உறைபனியின் வஞ்சகம். இதழ் வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தார். நடுவில், காய் பிடிக்க வேண்டிய இடத்தில், குண்டூசித் தலை அளவுக்குக் கருகியிருந்தது. இன்னொன்று. அடுத்த மரத்தில் ஒன்று. வரிசையின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுப் படியில் உட்கார்ந்து, சட்டை முழுக்க ஒட்டியிருந்த இதழ்களைத் தட்டிவிடாமல் அப்படியே இருந்தார் என்று அக்கா பின்னால் சொன்னாள்.

பள்ளத்தாக்கில் தாழ்வான தோட்டம் எல்லாவற்றிலும் அதே கதை. வெள்ளிக்கிழமை தோட்டக்காரர்கள் டிராக்டர்களில் வந்து நிலைய வாசலில் இறங்கினார்கள். வானிலை அலுவலகம், நாங்கள் சரியாகத்தான் அனுப்பினோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. பொறுப்பாளர் வந்தவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வணங்கி அனுப்பினார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

மேஜையில் தட்டச்சு செய்த ஒரு சீட்டு இருந்தது. கடந்த சனிக்கிழமை ஒலிபரப்பான வரும் வார வானிலையில், உறைபனி பற்றிய எச்சரிக்கை, வாசிப்பில் நேர்ந்த பிசகால் விடுபட்டது. அதற்காக நிலையம் வருந்துகிறது.

அவள் மூன்று தடவை படித்தாள்.

“சார், இது நான்தான்னு ஆயிடும்.”

“உன் பேரு எங்கம்மா இருக்கு? பொதுவாத்தானே போட்டிருக்கு.”

“வாசிக்கறது நான் ஒருத்திதானே சார்.”

“அதனாலதான் சொல்றேன், நீயே வாசிச்சா ஒரு மரியாதை. நாக்குப் புரண்டுபோச்சுன்னா ஜனங்க மன்னிச்சிடுவாங்க. யாருக்குத்தான் புரளாது? விளம்பரத்துக்காக வெட்டினோம்னு தெரிஞ்சா நிலையத்தையே இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் நீ எங்க வாசிப்பே?” சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டார். “உன்னை நிரந்தரம் பண்றதுக்கு மேல எழுதியிருக்கேன். இந்த நேரத்துல நல்ல பேரு முக்கியம்.”

அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கேட்டால், நிரந்தர வேலைக்கு ஆசைப்பட்டாள் என்று சொல்லிவிடலாம். அது பாதி. போன் செய்ய மறந்தவள்தானே நான் என்ற எண்ணம் மீதி. ஏதோ ஒரு பிசகு தன்னிடமும் இருக்கிறது, அதை இந்தச் சீட்டு வேறு வார்த்தையில் சொல்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்த அறிவிப்பை ஒரு எழுத்துத் தடுமாறாமல், மூச்சு எங்கே விடவேண்டுமோ அங்கே விட்டு, அவள் வாசித்த அத்தனை வருடங்களில் அவ்வளவு சுத்தமாக எதையும் வாசித்ததில்லை என்னும்படி வாசித்தாள். வெளியே வந்தபோது பொறுப்பாளர், “பிரமாதம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பேரிக் கிளை செருகியிருந்தது. பூவோடு. கணவன் அதை உருவி வீசிவிட்டுக் கடைக்குப் போனான்.

அப்புறம் ஊருக்கு அவள் வானிலை அம்மா இல்லை. பிசகு. ‘பிசகு வருது பாரு’, ‘பிசகு வீட்டுக்குப் பக்கத்து வீடு’. பஸ்ஸில் கண்டக்டர், “பார்த்து, பிசகாம ஏறுங்க” என்பான், உள்ளே சிரிப்பார்கள். மழை உண்டா என்று கேட்ட கடைக்காரர் மீதிக் காசைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துத் தள்ளினார். அவருக்குத் தோட்டமே கிடையாது. ஆனால் தோட்டக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மகளை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “சார், கடைசி வரியை முழுங்கிடுவா” என்றாளாம். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். மகள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, “நிஜமாவே நீ முழுங்கினியாம்மா?” என்று கேட்டாள்.

கணவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான். ஆனால் டிராக்டர் டயருக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எதிர்த்தெருக் கடைக்கு மாறிப் போனார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “உன் மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? அந்த நிஜத்தைக் காத்தடிச்சு வண்டிக்கு மாட்டவா முடியும்?”

அக்கா வீட்டுக்குப் போக அவளுக்குப் பல நாள் கால் வரவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கிளம்பினாள். அக்கா பின்கட்டில் பழக்கூடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அவற்றுக்கு வேலையில்லை. விற்பதற்காகக் கட்டினாள். தங்கையைப் பார்த்ததும் கயிற்றை விடாமல், “உக்காரு” என்றாள்.

“அக்கா, நான் வாசிக்கும்போது பிசகலை. அந்த ஆளு வெட்டச் சொன்னான். விளம்பரத்துக்கு நேரம் போதலைன்னு.”

“அப்ப ரேடியோல நீ சொன்னது?”

“எழுதிக் கொடுத்தான். வாசிச்சேன்.”

“பொய்யா அது?”

“பொய்தான்.”

“முதல்ல சொன்னது? இதமான குளிர்?”

அவள் கீழே கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து விரலில் சுற்றினாள்.

“ரெண்டும் பொய்னா மூணாவதா இப்ப சொல்றதை நான் எதுக்கு நம்பணும்?” அக்கா முடிச்சை இறுக்கினாள். “சரி, நம்புறேன். நீ சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். அப்ப சனிக்கிழமை மத்தியானமே உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“பாப்பாவுக்குப் பொன்னுக்குவீங்கிக்கா. உனக்குப் போன் பண்ணணும்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.”

“வீங்கினது அவ கன்னம்தானே. உன் விரல் வீங்கலையே.”

இவ்வளவையும் அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. கூடைகளைக் கட்டி முடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, டீ போடட்டுமா என்றுகூடக் கேட்டாள். அவள் வேண்டாம் என்றதும் சரி என்று உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தங்கை எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. இவள் செய்தால், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள்.

கோடை முடிவதற்குள் வேலையும் போயிற்று. “ஜனங்க உன் குரலைக் கேட்டாலே ஆத்திரப்படறாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் பொறுப்பாளர். சொல்லும்போது நிஜமாகவே வருத்தமாக இருப்பவர் போலத்தான் இருந்தார். மேலே எழுதியிருந்தது என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். “அதுல இந்த விவகாரத்தைக் குறிச்சு வச்சிட்டாங்க” என்றார். பிசகு என்று அவரே தட்டச்சு செய்த விவகாரம். வானிலை நேரத்தில் மெத்தைக் கடை வழங்கும் பாட்டு வர ஆரம்பித்தது. வருடம் முடிவதற்குள் அவருக்குப் பதவி உயர்வோடு பெரிய நிலையத்துக்கு மாற்றல் வந்தது. மாலை போட்டு அனுப்பினார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை. மாடியில் பல் பார்ப்பவர், கீழே எலும்பு பார்ப்பவர். வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள், ஊர்க்கதை தெரியாதவர்கள். டோக்கன் கொடுத்து, காசு வாங்கி, எண்ணைக் கூப்பிட ஆள் வேண்டுமென்று எழுதிப் போட்டிருந்தார்கள். அவள் போய்ப் பேசியதும் எலும்பு டாக்டரம்மா, “குரல் ரொம்பத் தெளிவா இருக்கே” என்று வைத்துக்கொண்டார். கூட்டத்தில் எண்ணைக் கூப்பிடும்போது சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு கிழவர் தன் எண்ணைக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல், “பிசகா இருக்கும், இன்னொரு தடவை சொல்லட்டும்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதற்கெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமலிருக்கக் கற்றுக்கொண்டாள். காட்டாமலிருந்து பழகினால் சில நாளில் உள்ளேயும் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வசந்தம் வந்தது. மரங்கள் மறுபடி பூத்தன. ஒரு செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி. வானிலைக்காரர். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டு வாய் பாதி மரத்திருந்தது. காசு கட்டும்போது அவளைப் பார்த்துத் தயங்கினார்.

“உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்மா” என்றார், குழறிக் குழறி.

“அப்பவே வெளிய சொல்லியிருக்கலாமே சார்.”

“அனுப்பிட்டோம்னு சொன்னோமே. அதுக்கு மேல பேச எங்களுக்கு உத்தரவு இல்ல.”

அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். அவர் போகாமல் நின்றார். ஏதாவது ஒன்றைக் கொடுத்து மனதை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறவர் போல முகம் இருந்தது. “இந்த வாரம் முழுக்க வெயில் நல்லா இருக்கும். எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிதான். போன வருஷத்தை விட மோசம். சொல்றதுக்கு ரேடியோல இப்ப ஆள் இல்ல. தோட்டக்காரங்க சங்கத்துக்கு ஒரு கடுதாசி அனுப்பியிருக்கோம். யாரு பிரிச்சுப் பாக்கறாங்களோ.” வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு போனார்.

இந்தமுறை அவள் மறக்கவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அப்போதே கிளம்பி ஆற்றங்கரைப் பஸ் பிடித்தாள். வழியெல்லாம் தோட்டங்கள் வெயிலில் வெள்ளையாக ஜொலித்தன. வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். வெள்ளிக்கிழமை. தாழ்வான இடம். மூட்டம் போடுங்க. வேறு எதுவும் பேசக்கூடாது, அழக்கூடாது.

அத்தான் வாசலில் தேனீப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கூட மேட்டுத் தோட்டத்துப் பங்காளி ஒருவரும் நின்றிருந்தார். அத்தான் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார், வெளிக்கதவைத் திறக்கவில்லை.

“அத்தான், வெள்ளிக்கிழமை உறைபனி விழும். வானிலைக்காரரே சொன்னாரு. போன வருஷத்தை விட அதிகமாம். மூட்டம் போடுங்க.”

அவர் பங்காளியைப் பார்த்தார். பங்காளிக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது.

“கேட்டீங்களா,” என்றார் அத்தான், “வரும் வார வானிலை, வீடு தேடி வந்திருக்கு.”

பங்காளி வெடித்துச் சிரித்தார். சிரிப்பு கிடைத்ததும் அத்தானுக்கு வேகம் வந்துவிட்டது. “நீ இதமான குளிர்னு சொன்னே, எல்லாம் கருகிச்சு. இப்ப உறைபனின்னு சொல்றே. அப்ப நான் போர்வை இல்லாமத் தூங்கலாம்.”

“அத்தான், விளையாட்டு இல்ல. என் மேல இருக்கற கோவத்தை மரத்து மேல காட்டாதீங்க.”

“மரத்தைப் பத்தி நீ பேசறியா?”

உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. “யாரு?”

“யாருமில்ல,” என்றார் அத்தான்.

ஜன்னலில் அக்கா வந்து நின்றாள். பார்த்தாள். இடையில் முழு முற்றம் இருந்தது. தங்கை சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு நகர்ந்தாள். தங்கை வெளிக்கதவுக் கம்பியைப் பிடித்தபடி, சாத்திய ஜன்னலைப் பார்த்து, வானொலியில் வாசிப்பது போலவே நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னாள். வெள்ளிக்கிழமை இரவு, தாழ்வான பகுதிகளில், உறைபனி. பங்காளி இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். அவள் திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்திலேயே சேதி வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு பூ தப்பவில்லை. மேட்டில் பாதி தப்பியது. அந்தப் பங்காளி அன்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனதும் வைக்கோல் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை மூட்டம் போட்டிருக்கிறார். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முன்னால் சிரித்தவன், எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்ததாம். அத்தானும் வெள்ளிக்கிழமை மாலை வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். குளிர் ஏறுவது தெரிந்தும், அவள் பேச்சைக் கேட்டு மூட்டம் போட்டான் என்று நாளைக்கு ஊர் சொல்லும் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாராம்.

இரண்டு வருடம் காய் இல்லாமல் தோட்டத்தை வைத்திருக்க முடியாது. விற்றார்கள். வாங்கியது பங்காளி. அக்கா டவுனில் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். போகிற இடத்தில் எல்லாம் ஒன்றையே சொன்னாள்: “வாசல்ல வந்து நின்னு, வாயால சொல்லிட்டுப் போனா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவ சொன்ன நேரத்துக்கு வந்துச்சு.” எச்சரித்தாள் என்பது போய், ஏவிவிட்டாள் என்று ஆயிற்று. ஊருக்கும் அது பிடித்திருந்தது. சிலர் அவளைக் கண்டால் பிள்ளைகளை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டார்கள்.

உறைபனிச் சேதி வந்த அந்தச் சனிக்கிழமை காலை அவள் மருத்துவமனைப் பின்னறையில் ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துப்புரவு செய்யும் பெண் வந்து சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தாள். இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டாள். அத்தான் படியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். சட்டையில் இதழ்கள் ஒட்டியிருப்பதையும் நினைத்துப் பார்த்தாள். வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக, நெடுநாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்து உடம்பெல்லாம் லேசானது. டீ நன்றாக இருந்தது. அன்றைக்கு எண்களைக் கூப்பிடும்போது குரல் பழையபடி கணீரென்று இருந்ததாக டாக்டரம்மாவே சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். பெட்டி தூக்கித் தூக்கி மணிக்கட்டு வீங்கியிருந்தது. கொட்டகையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வேறு எலும்பு டாக்டர் டவுனில் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் அக்கா. அக்கா இடது கையை நீட்டி டோக்கனை வாங்கிக்கொண்டாள், இவள் எண்ணைச் சொன்னாள், அவ்வளவுதான். அக்கா இளைத்திருந்தாள். முன்பு அடர்த்தியாக இருந்த தலைமுடி கையளவு ஆகியிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

நோயாளி இல்லையென்றால் இரண்டு தடவை கூப்பிட வேண்டும், பிறகு அடுத்த எண் என்பது அங்கே விதி. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. எட்டிப் பார்த்துக் கூட்டி வந்துவிடுவார்கள். அக்காவின் முறை வருவதற்குச் சற்று முன்னால் அக்கா எழுந்து பின்பக்கம் முகம் கழுவப் போனாள். தங்கை பார்த்தாள். ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்காமல், பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது போல எண்ணைச் சொன்னாள். மூச்சு விடும் நேரத்தில் இரண்டாம் தடவையும் சொன்னாள். பிறகு பொத்தானை அமுக்கி அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அக்கா ஈர முகத்தோடு திரும்பி வந்தபோது வேறு ஒருவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“என் நம்பர் போயிடுச்சா?”

“போயிடுச்சு. மறுபடி டோக்கன் போடணும்.”

பெஞ்சிலிருந்த ஒரு அம்மாள், “பாவம், இப்பத்தானே முகம் கழுவப் போனாங்க, அனுப்பிவிடுங்களேன்” என்றாள்.

“எல்லாருக்கும் ஒரே விதிதாங்க.”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுவாள் என்று தோன்றியது. போடவில்லை. வீங்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு டோக்கன் வாங்கி, அதே ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியானக் கூட்டம் அத்தனையும் அவளுக்கு முன்னால் இருந்தது. சாயங்கால வெயில் பெஞ்சுவரை வந்து, ஏறி, போன பிறகுதான் அவள் முறை வந்தது. வாங்கிய அரைநாள் முழுநாளாகிவிட்டது. கொட்டகையில் அதற்குக் கூலி பிடிப்பார்கள் என்பது தங்கைக்குத் தெரியும்.

ஜன்னலைக் கடக்கும்போது அக்கா நின்றாள். “பாப்பாவுக்கு இப்ப உடம்பெல்லாம் நல்லா இருக்கா?” என்றாள்.

அவள் டோக்கன் கட்டை அடுக்கி வைத்தாள். அக்காவிடம் பேச வாயைத் திறந்தால் தானாக வருவது ‘நீ’தான், பிறந்ததிலிருந்து வேறு மாதிரிப் பேசியதில்லை.

“நல்லா இருக்கா,” என்றாள். “உள்ள போங்க. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

அக்கா அந்தப் ‘போங்க’வைக் கேட்டாள். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தங்கை அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கி, தெளிவாக, இன்னொரு தடவை கூப்பிட்டாள்.